சராசரி மழையை மட்டும் நம்பலாமா?

வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் தமிழ்நாட்டில் பெய்யும் சராசரி மழை சுமார் 44 செ.மீ. ஆனால், 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் உடைந்து, பிசான நெற்பயிர் மூழ்கியது. சராசரிக் கணக்கு அன்று விவசாயிக்கு உதவவில்லை.

நூறாண்டுக்கு ஒரு முறை வரும் மழை என்று கேட்டதும், இனி நம் காலத்தில் வராது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இது தவறு. ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்துவிட்டதால் இவ்வாண்டு வாய்ப்பு குறைந்துவிடாது. 30 ஆண்டுகள் சாகுபடி செய்பவர் அதை ஒரு முறையேனும் சந்திக்க நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு இருக்கிறது.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். இதனால் பெருமழை மேலும் வலுக்கும். நூறாண்டு மழை ஐம்பதாண்டு மழையாக மாறினால், அந்த 26 பங்கு 45 ஆகிவிடும்.

ஆகவே, ஆண்டு மொத்த மழையுடன், அவ்வாண்டின் மிகப் பெரிய ஒருநாள் மழையையும் ஊராட்சிகள் எழுதி வைக்க வேண்டும். கலிங்கு, வடிகால் ஆகியவற்றின் அளவை அதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். விவசாயிகளும் பருவத்திற்கு முன்பே வடிகாலைத் தூர் வாரி, பயிர்க் காப்பீட்டுப் பிரிமியத்தைக் கெடுவுக்குள் கட்டிவிடுவது நல்லது.