சூளையில் வெந்த நினைவகம்

கணினித் துறையின் முன்னோடிகள் என்றதும் ஒரு பட்டியல் தயாராக வந்துவிடும். டூரிங், வான் நியூமன், ஃபாரஸ்டர். இந்தியா என்றால் ஆர். நரசிம்மன். இவர்களின் அறிவை நான் மறுக்கவில்லை. பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதே என் கேள்வி.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். இங்கே பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் அச்சில் உருவாகிச் சூளையில் வேகின்றன. 1950களிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கணினியின் நினைவகமும் அப்படித்தான் உருவானது. இரும்பு ஆக்சைடு கலந்த தூளைச் சின்னஞ்சிறு வளையங்களாக அழுத்திச் சுட்டார்கள். ஃபெர்ரைட் எனப்படும் அதுவும் ஒரு செராமிக்தான். வளையத்துக்கு ஒரு பிட். ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கம்பிகளைக் கோக்க வேண்டும். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் நரசிம்மன் குழு 1960இல் இயக்கிய டிஃப்ராக் கணினிக்கு 2048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். அதாவது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வளையங்கள்.

இந்த நினைவகத்தின் காப்புரிமைக்காக 1964இல் ஐபிஎம் நிறுவனம் எம்.ஐ.டி.க்குக் கொடுத்த தொகை 1.3 கோடி டாலர். அமெரிக்க ஆலைகளில் கம்பி கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்தது கூலி மட்டுமே.

இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்த ஒரு கதை தேவைப்பட்டது. 1965இல் ஃபேர்சைல்டு நிறுவனம் அமெரிக்காவின் ஷிப்ராக்கில் நவஹோ பழங்குடிப் பெண்களை வைத்து உற்பத்தி தொடங்கியது. 1969இல் வெளியிட்ட மலரில் அவர்களின் கம்பள நெசவையும் சிப்பின் வடிவத்தையும் அருகருகே வைத்தது. பயிற்சியால் வந்த திறமை, பரம்பரைக் கைவாகு ஆகிவிட்டது.

நமக்கு இது பழைய கதை. 1953இல் ராஜாஜி, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று அம்பலப்படுத்திப் போராடினார். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது.

திட்டம் போனது, அதன் தர்க்கம் போகவில்லை. சிலரின் மூளை வேலைக்குத் 'தகுதி' என்று பெயர், பலரின் கை வேலைக்குக் 'குலத்தொழில்' என்று பெயர். இரண்டையும் பிறப்போடு முடிச்சுப் போடுவதுதான் சாதி. ஐஐடி இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுவோர் கணினிக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். கணினிக்குத் தெரியாதுதான். யாருடைய உழைப்பை அறிவு என்று எழுதுவது என முடிவு செய்பவர்களுக்குத் தெரியும்.

ஆகவே பாடத்திட்டத்தில் முன்னோடிகளோடு அந்தத் தொழிலாளர்களின் வரலாறும் வேண்டும். சூளைத் தொழிலாளியின் மகள் கணினி அறிவியல் படிக்க வந்தால், அவள் சலுகையில் வந்தவள் அல்ல. அந்தத் துறையைக் கட்டிய உழைப்பின் வாரிசு அவள்.