காலேஜ் கதவை விடியற்காலையிலும் திறவுங்கள்!

மேற்கு மாம்பலத்துக்கு என்ன குறை? கோயில் உண்டு, அயோத்தியா மண்டபம் உண்டு, தெருவுக்குத் தெரு டியூஷன் உண்டு. ஆனால், பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி, ரங்கநாதன் தெருக் கடையில் இரவுவரை துணி மடிக்கிற பையனுக்கு மேலே படிக்க ஆசை வந்தால் எங்கே போவான்? பகல் காலேஜால் அவனுக்கு என்ன பிரயோஜனம்?

இப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டார்கள். 1901-ல் ஜோலியட் என்ற ஊரில், சர்க்கார் ஹைஸ்கூலோடு சேர்த்து இரண்டு வருஷக் காலேஜ் ஒன்று ஆரம்பமாயிற்று. அந்த வித்துதான் பிறகு சமுதாயக் கல்லூரிகளாகப் பெருகியது. வீட்டிலிருந்தே போய் வரலாம். மார்க்கைக் காட்டி விரட்டமாட்டார்கள். வேலை செய்கிறவர்களுக்கு இரவிலும் வகுப்பு உண்டு. 1938-ல் இக்கல்லூரிகளுக்கென்றே ஒரு விளையாட்டுச் சங்கமும் ஏற்பட்டது.

இந்தியாவில் இந்த யோசனை 1995-ல் புதுச்சேரிக்கும், 1996-ல் சென்னைக்கும் வந்தது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென்று திட்டம் வகுத்தது. ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை தொழிற்படிப்பு. ஏற்கெனவே உள்ள கல்லூரிகளிலேயே நடத்தலாம். நல்ல காரியம்தான். ஆனால் தொழிலைக் கற்றுக் கொடுத்து சர்ட்டிபிகேட் தந்தால் கடமை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நூலகம், பேச்சு மன்றம், விளையாட்டு மைதானம் எல்லாம் சேர்ந்ததுதானே காலேஜ்?

"வயிற்றுப்பாட்டுக்குப் படிக்க வருகிறவனுக்குப் பந்தாட்டம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவனுக்குத்தான் அது அவசியம். வேலை பார்த்துக் களைத்தவன், தனியாளாக இருந்தால் இரண்டு மாதத்தில் வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிடுவான். ஓர் அணியில் சேர்ந்துவிட்டால், "ஏன்டா வரவில்லை?" என்று கேட்க வாசலுக்கே நாலு பேர் வருவார்கள். படிப்பில் பிடித்து நிறுத்துவது அந்தச் சிநேகம்தான்.

இதற்கு வேண்டியதெல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. நந்தனத்தில் அரசு கலைக் கல்லூரி; சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1920-ல் ஹாரி பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியும் நந்தனத்தில்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நம் வீரர்களை அழைத்துச் சென்றவர் அவர். இவ்வளவு அருகில் இவையெல்லாம் இருந்தும், மாம்பலத்துப் பையன் சுவரில் கரிக்கோட்டால் ஸ்டம்பு வரைந்து, எதிர்வீட்டு மாமியிடம் திட்டு வாங்கிக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிறான்!

புதுக் கட்டடம் கேட்கவில்லை. முதல் மணி அடிப்பதற்கு முன்பு, விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு; கடைப் பையன்கள் வருவார்கள். மாலையில் ஒன்று, ஆபீஸிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள் வருவார்கள். வகுப்போடு மைதானத்தையும் நூலகத்தையும் திறந்துவிட வேண்டும். ஆசிரியருக்கும் காவலாளிக்கும் கூடுதல் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மின்சாரச் செலவும் உண்டு. சர்க்காருக்கு இது பெரிய தொகையா?

மாம்பலத்து ஜனங்களும் சும்மா இருக்கலாகாது. எம்.சி. சுப்பிரமணியம் ஆரம்பித்த பப்ளிக் ஹெல்த் சென்டர் இந்தப் பேட்டையில்தான் வளர்ந்தது. நோய் தீர்க்க ஒன்றுகூடியவர்கள், படிப்புக்காக ஒரு மகஜரில் கையெழுத்துப் போட மாட்டார்களா?