பத்திரத்தின் முகப்பு

வியாபார உடன்படிக்கை எழுதும்போது விலையையும் தவணையையும் நாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். முகப்பையோ குமாஸ்தாவிடம் விட்டுவிடுகிறோம். கடன் யார் தலையில் விழும் என்பதைக் காட்டுவது அந்த முகப்பே அல்லவா?

முதலில் வேண்டுவது இரு தரப்பாரின் பெயர். கம்பெனி வேறு, அதன் பங்குதாரர் வேறு என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1896-இல் ஸாலமன் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டமும் அக்கொள்கையையே தழுவியிருக்கிறது. கூட்டு வியாபாரமோ அப்படியன்று. 1932-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதன் கடனுக்குக் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் பொறுப்பாளிகள். ஆகையால் கம்பெனிக்குச் சரக்குக் கொடுப்பவர் நிர்வாகியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டால், பணத்தை யாரிடம் கேட்பது என்பதே வழக்காகிவிடும்.

அடுத்தது பீடிகை, உடன்படிக்கை ஏற்பட்ட காரணத்தைச் சொல்லும் பகுதி. ஷரத்து தெளிவாயிருந்தால் பீடிகை அதை மாற்றாது. ஷரத்து மயக்கமாயும் பீடிகை தெளிவாயும் இருந்தால் பீடிகையே பொருளை நிர்ணயிக்கும். இது 1886-இல் நீதிபதி எஷர் பிரபு வகுத்த விதி. ஆகவே காரணத்தைப் பீடிகையிலும் கடமையை ஷரத்திலும் எழுதுவதே முறை.

விலாசம் தவறிய கடிதம் திரும்பியாவது வரும். பெயர் தவறிய பத்திரத்தை நம்பிக் கொடுத்த பணம் திரும்புமோ? கையெழுத்திடுமுன் முதல் பக்கத்தை இருமுறை படிப்போமாக.