பூச்சியத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஆக்களுக்கு

ஒலிம்பிக், கொமன்வெல்த், ஆசிய விளையாட்டு என்று எது தொடங்கினாலும் பழைய காணொளி ஒன்று தூசு தட்டப்பட்டு வட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். 2015, சிங்கப்பூர், தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி. 3 மீற்றர் பலகையில் இருந்து இரண்டு பிலிப்பைன்ஸ் பெடியன்கள் பாய்கிறார்கள். இரண்டு பேருடைய பாய்ச்சலும் பிழைக்கிறது. இரண்டு பேருக்கும் பூச்சியம். கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக நிற்கும். நடுவில் யாராவது ஒருவர் எழுதியிருப்பார்: "இதுக்கு நாங்களே போயிருக்கலாம் மச்சான்."

போயிருக்கலாமா? எங்கே பழகிப் போயிருப்பீர்கள்? ஹெந்தளையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஹமில்டன் கால்வாய், கொஞ்சம் தள்ளிப் போனால் களனி ஆறு. மூன்று பக்கமும் தண்ணி இருக்கிற ஊர். ஆனால் ஒரு பிள்ளை முறையாகப் பாயப் பழகுவதற்கு இங்கே ஓர் இடம் கிடையாது.

முதலில் அந்தப் பூச்சியத்தைப் பேசுவோம். டைவிங் தனிநபர் போட்டியில் ஏழு நடுவர்கள் 0 முதல் 10 வரை புள்ளி போடுவார்கள். கூடின இரண்டும் குறைஞ்ச இரண்டும் கழிக்கப்படும். மிச்ச மூன்றையும் கூட்டி, அந்தப் பாய்ச்சலின் கடினத்துக்கு என்று முன்கூட்டியே குறித்த எண்ணால் பெருக்குவார்கள். அறிவித்த பாய்ச்சலைச் செய்யாமல் விட்டால் எல்லாம் பூச்சியம். 10 மீற்றர் மேடையில் இருந்து தண்ணியைத் தொட இரண்டு செக்கன்கூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அதற்குள் சுழன்று, முறுகி, நிமிர்ந்து, ஊசி போல இறங்க வேண்டும். கால் ஒரு விரற்கடை பிழைத்தால் போதும்.

அதனால்தான் பூச்சியம் யாருக்கும் வரும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஜேர்மனியின் ஸ்டீபன் பெக் முதுகு அடிபட விழுந்தார், பூச்சியம். தோக்கியோவில் கனடாவின் பமேலா வெயர் அரையிறுதியில் ஓட்டம் பிசகி, காலால் குதித்து இறங்கினார், பூச்சியம். அதைப் பார்த்து "ஜேர்மனி ஏன் வந்தது, கனடா ஏன் வந்தது" என்று யாரும் கேட்கவில்லை. பிலிப்பைன்ஸ் என்றால்தான் அந்தக் கேள்வி வருகிறது. நாளைக்கு இலங்கைக் கொடியோடு ஒருவர் பிழைத்துப் பாய்ந்தாலும் வரும். அப்போது சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் நாங்களாகவே இருப்போம் என்பதுதான் கேவலம்.

டைவிங்கின் வரலாறே யார் தடாகத்துக்குள் இறங்கலாம் என்ற சண்டைதான். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பலகையிலும் மேடையிலும் இரண்டு தங்கம் எடுத்த அமெரிக்கர் விக்டோரியா மனாலோ டிரேவ்ஸ். அவருடைய அப்பா பிலிப்பைன்ஸ்காரர். சான் பிரான்சிஸ்கோவில் பயிற்சிக்குச் சேர அப்பாவின் பெயரை மறைத்து, ஆங்கிலேயத் தாயின் குடும்பப் பெயரான டெய்லர் என்பதைப் போட வேண்டி வந்தது. 1948 இலும் 1952 இலும் மேடைப் பாய்ச்சலில் தங்கம் எடுத்த சமி லீ கொரிய வம்சாவளி. பசடேனாவில் வெள்ளையர் அல்லாதவர்களுக்குக் கிழமையில் ஒரு நாள்தான் தடாகம். அவர்கள் குளித்து முடிந்ததும் தண்ணியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணி விடுவார்கள். மற்ற நாட்களில் அந்த மனுசன் மணற்குழிக்குள் பாய்ந்து பழகினார்.

கிணற்றில் யார் தண்ணி அள்ளலாம் என்று சாதி பார்த்த சமூகத்துக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கொழும்பிலும் வெள்ளைக்காரருக்கு மட்டும் என்று நீச்சல் கழகம் இருந்த ஊர்தான். அந்தப் பலகை கழன்றுவிட்டது. இப்போது வாசலில் நிற்பது காசு. தடாகம் உள்ள பாடசாலையில் படிக்க வேண்டும், அல்லது கழக அங்கத்துவம் வேண்டும், அல்லது மாதக் கட்டணமும் ஏற்றி இறக்க வாகனமும் வேண்டும். 1991 இலும் 2006 இலும் கொழும்பு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது. கொட்டாஞ்சேனையில் இருந்து நடந்தே போகிற தூரத்தில் சுகததாச வளாகம் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த எத்தனை பிள்ளைகள் அங்கே தடாகத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள் என்று உங்கள் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பாயிற ஆசை எங்கட பிள்ளைகளுக்கு இல்லாமல் இல்லை. கால்வாய்ப் பாலத்தில் இருந்து குட்டிக்கரணம் அடிக்கிற பெடியன்களைப் பாருங்கள். புறநானூற்றிலேயே ஒரு கிழவர், மரக்கிளையில் இருந்து மடுவுக்குள் பாய்ந்த இளமையை நினைத்து ஏங்குகிறார். இதே காரியத்தை வெளிநாட்டுப் பிள்ளை தடாகத்தில் செய்தால் விளையாட்டு, எங்கட பிள்ளை கால்வாயில் செய்தால் காவாலித்தனம். 10 மீற்றர் மேடைக்குக் கீழே 5 மீற்றர் ஆழம் வேண்டும் என்பது தரநிலை. கால்வாயில் ஆழம் எவ்வளவு, அடியில் கல்லா கம்பியா என்று யாருக்குத் தெரியும்? திறமை அங்கே கழுத்தை முறிக்கும் அபாயத்தோடு விளையாடிக்கொண்டிருக்கிறது.

அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டுப் போகவும் ஏலாது. "பிள்ளைக்குத் தண்ணியில கண்டம்" என்று சாத்திரி சொன்னதை நம்பி, நீந்தவே பழக்காமல் வளர்க்கிற வீடுகள் எத்தனை? தண்ணியில் கண்டம் என்றால் முதல் வேலையாக நீந்தவல்லவா பழக்க வேண்டும்! பொம்பிளைப் பிள்ளை என்றால் நீச்சல் உடுப்பைச் சொல்லியே கதை முடிந்துவிடும். மிச்ச நேரத்தை ரியூசன் விழுங்கிவிடும்.

"நாடு இருக்கிற நிலைமையில டைவிங் ஒரு கேடா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஒவ்வொரு வருசமும் இந்தத் தீவில் நூற்றுக்கணக்கானோர் தண்ணியில் மூழ்கிச் சாகிறார்கள். நீந்தத் தெரிந்த பிள்ளைதான் பாயப் பழகும். ஆகவே டைவிங் கேட்பது என்றால் முதலில் எல்லாருக்கும் நீச்சல் கேட்பது. பதக்கம் அதற்குப் பிறகு வருகிற கதை.

"திறமை எங்களிட்ட இல்லை" என்பது அடுத்த சாட்டு. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954 இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் போய்த் திரும்பியே வந்தார், 51 மணித்தியாலம். 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரையும் விட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் சிலை வைப்போம், மலர் மாலை போடுவோம். அவர்களுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு மட்டும் கட்டமாட்டோம்.

தோக்கியோவில் 14 வயதில் 466.20 புள்ளி எடுத்துத் தங்கம் வென்ற சுவான் ஹொங்சான் தென்சீனத்து ஏழைக் கிராமத்துப் பிள்ளை. அம்மாவின் மருத்துவத்துக்குக் காசு உழைக்க வேண்டும் என்றுதான் வென்ற பிறகும் சொன்னாள். சின்னப் பிள்ளைகளைக் கசக்கிப் பிழிகிற அந்த முறை எங்களுக்கு வேண்டாம். ஆனால் ஏழைப் பிள்ளை ஒன்றைத் தேடிப் போய், பயிற்சியாளரிடமும் தடாகத்திடமும் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவள் சாட்சி. சுழலப் பழகுவது முதலில் தரையில்தான். ஒரு துள்ளுமேடை, இடுப்பில் கட்டுகிற கயிறு, பஞ்சு நிரப்பின குழி, தெரிந்த ஒரு ஆள். இதற்குக் கோடிகள் தேவையில்லை.

நாங்கள் கேட்பது மூன்று. பொதுக் காசில் கட்டிய தடாகங்களைக் கிழமையில் சில மணித்தியாலமாவது சுற்றுவட்டாரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் திறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர்களைப் போடுங்கள். தமிழில் சொல்லிக்கொடுக்கிற ஆளையும் வையுங்கள், மேடை நுனியில் நிற்கிற பிள்ளைக்கு மொழி விளங்காவிட்டால் அடிபடும்.

அதுவரைக்கும் அந்தக் காணொளி வந்தால் பகிராதீர்கள். ஜோன் எல்மர்சன் பப்ரிகா, ஜோன் டேவிட் பகோயோ என்று அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. தங்கள் நாட்டின் பெயரில் பலகை நுனிவரை போய் நின்றார்கள். எங்கட பிள்ளைகளுக்கு அந்தப் பலகையே இன்னும் இல்லை.