கம்பித் திரைக்குப் பின்னால்

வெனிஸ் நகரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நீர்வழித் தெருக்களும் படகுகளுமே. எனக்கோ அங்குள்ள பியேத்தா ஆலயமே நினைவுக்கு வருகிறது. வயலின், செல்லோ, ஹார்ப்சிகார்ட் முதலிய கருவிகளைக் கொண்டு சிறு குழுவினர் அங்கே விவால்டியின் இசையை வாசிக்கின்றனர். பல நாட்டுப் பயணிகள் சீட்டு வாங்கிச் சென்று கேட்கின்றனர். புகழெல்லாம் விவால்டிக்கே! அதில் பாதி வேறு சிலருக்கு உரியது என்பது என் கருத்து.

யார் அவர்கள்? எங்கள் பாடகர் குழுவைப் பழக்கும் சிஸ்டர், விவால்டியின் 'குளோரியா'வைக் கேட்கச் செய்தபோது அந்தக் கதையையும் சொன்னார்கள். 1346-ஆம் ஆண்டு தொடங்கிய பியேத்தா இல்லம், கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை ஏற்று வளர்த்தது. சிறுவர்கள் தொழில் கற்று வெளியேறினர். சிறுமியருள் இசைத்திறன் உள்ளோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். 1703-இல் குருப்பட்டம் பெற்ற விவால்டி, அதே ஆண்டில் அங்கே வயலின் ஆசிரியரானார். தம் படைப்புகள் பலவற்றை இப்பெண்களுக்காகவே எழுதினார். தாழ்ந்த ஆண் குரலுக்குரிய பகுதிகளையும் அவர்களே பாடினர். குடும்பப் பெயர் இல்லாத அவர்களுக்குக் கருவியே பெயராயிற்று. அன்னா மரியா என்பவளை 'வயலின் அன்னா மரியா' என்றே ஊர் அழைத்தது.

இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. இன்றுள்ள ஆலயத்தைக் கட்டத் தொடங்கியது 1745-இல், முடித்தது 1760-இல். விவால்டியோ 1741-லேயே வியன்னாவில் இறந்துவிட்டார். ஆகவே, அந்த ஆலயத்தில் அவர் ஒருநாளும் வாசித்ததில்லை! அங்கே பாடியவர்கள் அந்த இல்லத்துப் பெண்களே. அதுவும் மாடத்தில், கம்பித் திரைக்குப் பின்னால் மறைந்து நின்று!

பசித்தவர்க்கு உணவளிப்பது இரக்கம். ஆனால் ஒரு திறமையைக் கொடுப்பது அதனினும் பெரிய இரக்கம். பியேத்தா இல்லம் அதைச் செய்தது; அதற்காக அதைப் போற்றுகிறேன். எனினும் அங்கே ஒரு விதி இருந்தது. திருமணமாகிச் செல்லும் பெண், இனிப் பொதுமக்கள் முன் வாசிப்பதில்லை என வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது போன்றதல்லவா அது?

"அது அந்தக் காலம்" என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் சித்தி பள்ளி நாட்களில் வயலின் வாசித்துப் பரிசு வாங்கியவர். இன்று அந்த வயலின் பரண்மேல் பெட்டிக்குள் உறங்குகிறது. அவரிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை; யாரும் தடுக்கவுமில்லை. "இனி எதற்கு?" என்று எல்லோரும் நினைத்தார்கள், சித்தியும் அப்படியே நினைத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத கம்பித் திரையும் உண்டு போலும்!

பியேத்தா ஆலயத்தில் இசை கேட்போர் மேலே உள்ள மாடத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும். நம் பெற்றோரோ பரண்மேல் உள்ள பெட்டியை ஒருமுறை இறக்கிப் பார்க்கட்டும். இந்த விடுமுறையில் எனக்கு வயலின் கற்றுத்தரும்படி சித்தியிடம் கேட்டிருக்கிறேன். "தந்தி எல்லாம் துருப்பிடித்திருக்குமே!" என்றார். மறுக்கவில்லை.

– பத்தாம் வகுப்பு மாணவி