அடி கையிலிருந்து வருவதில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பேரன் பேட்டை மூலையில் சாத்திவிட்டு, "இனிமே நான் போகலை தாத்தா" என்றான். வயது பதினொன்று. வயதுக்குக் கொஞ்சம் சின்ன உடம்பு. அம்பத்தூர் பக்கம் ஒரு கிரிக்கெட் பயிற்சி முகாமில் சேர்த்திருந்தோம். அங்கே அவனிடம், "முதல்ல உடம்பைத் தேத்திக்கிட்டு வா, அப்புறம் அடிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. காரணம் சொல்கிறேன்.

தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டறையில் சம்மட்டி அடிக்க ஒரு பெரியவர் இருந்தார். ஒல்லியான ஆள். நானோ அப்போது வாட்டசாட்டமாக இருப்பேன். பத்து அடியில் எனக்கு மூச்சு வாங்கும். அவர் நாள் முழுக்க அடிப்பார். "கையால அடிக்காத தம்பி. பின்னங்கால்ல நின்னு முன்னங்காலுக்கு வா. கை தானா வரும்" என்பார்.

பேட்டிங்கும் அதேதான். டிரைவ் ஆடும்போது உடம்பின் எடை பின்காலிலிருந்து முன்காலுக்குப் போக வேண்டும். பிறகு இடுப்பு, தோள், கடைசியில்தான் கை. எடை முந்திப் போய்விட்டால் பந்து வரும்போது வெறும் கைதான் மிச்சம். பிந்தினால் பந்து தாண்டிவிடும். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிகூட அவகாசம் தராது.

நம் வயதுக்காரர்களுக்கு 1975 பொங்கல் டெஸ்ட் மறந்திருக்காது. சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190க்கு ஆல் அவுட். அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் 97, நாட் அவுட். டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்ற நாங்கள், அந்த மூன்று ரன்னுக்காகச் சொந்த வீட்டு நஷ்டம் போல வருத்தப்பட்டோம். அந்த டெஸ்டை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது.

விஸ்வநாத் குள்ளமானவர். ஆனால் அவருடைய ஸ்கொயர் கட்டை நினைத்துப் பாருங்கள். எடையைப் பின்காலில் வைத்துக்கொண்டு, பந்து பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, மணிக்கட்டைச் சொடுக்குவார். மீதி வேலையை ராபர்ட்ஸ் கொடுத்த வேகமே பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இதே கதைதான். அங்கே ஹோசே அல்டூவே என்று ஒருவர். உயரம் ஐந்தரை அடி. 2017இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

"இது டி20 காலம் சார், சிக்ஸர் அடிக்கப் பலம் வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் பலம் வயதோடு வரும். கால் நகர்வும் காத்திருக்கும் பொறுமையும் சின்ன வயதில் பழகாவிட்டால் பிறகு கஷ்டம். பதினொரு வயதுப் பையனை உடம்பை வைத்து ஒதுக்குவது, விதையைப் பார்த்து நிழல் இல்லை என்பது போல.

இப்போது தினமும் காலையில் மொட்டை மாடியில், பழைய சாக்ஸில் பந்தைப் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் வாரம் பேட் கிடையாது. பின்கால், முன்கால், அவ்வளவுதான். நேற்று 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவனே திகைத்துப் போய் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நான் வேகமா அடிக்கவே இல்லையே தாத்தா!"

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பேரப்பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போகும் தாத்தாக்களே, பிள்ளையின் கையைப் பார்க்காதீர்கள். காலைப் பாருங்கள்.