ஆட்சேபனைக்கு இரண்டு மாதம்

ஒரு பேரூராட்சியும் அதை ஒட்டிய ஊராட்சிகளும் அடுத்த இருபது ஆண்டுகளில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் ஆவணத்திற்கு முழுமைத் திட்டம் என்று பெயர். அத்திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் அளித்து, ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் பெற வேண்டும் என்று தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 கட்டளையிடுகிறது. கட்டளையில் குறையில்லை. அது நிறைவேற்றப்படும் விதமே எரிச்சலூட்டுவது. இவ்வாரம் நாளிதழ் ஒன்றின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவே, அத்தகைய வரைவு பற்றிய அறிவிப்பொன்று பொடி எழுத்தில் வெளிவந்திருந்தது; ஊரின் பெயரை இங்கே சொல்வதால் பயனில்லை, ஏனெனில் எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் அந்த அறிவிப்பின் மற்ற வரிகள் மாறப்போவதில்லை. வரைபடம் மாவட்டத் தலைநகரில் உள்ள அலுவலகத்தில் அலுவலக நேரத்தில் காணக் கிடைக்கும் என்பதும், அந்த நேரமே நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் உரிய நேரம் என்பதும் தற்செயல் ஒற்றுமைகளாக இருக்கலாம்.

வண்ண வரைபடங்களின் மீது இப்பத்திக்கு இருக்கும் பகை வாசகர்கள் அறிந்ததே. ஆகவே அதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்வதே முறை, ஆனால் முடியவில்லை. ஒரு நிலப்பரப்பில் என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்று விதிக்கும் எல்லையைப் பயன்பாட்டு மண்டலம் என்பர். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, வேளாண்மைக்கு இளம்பச்சை என்று மண்டலங்களுக்கு வண்ணம் தீட்டுவது இந்திய நகர்த் திட்டமிடலில் ஊறிய வழக்கம். கடைத்தெரு மழைக்காலத்திலும் கடைத்தெருவாகவே இருப்பதால் பெருநகரத்துக்கு இவ்வழக்கம் ஓரளவு பொருந்தும். நாட்டுப்புறத்திலோ ஒரே துண்டு நிலம் ஆவணியில் ஏர் ஓடும் வயலாகவும், தையில் கதிர் அடிக்கும் இடமாகவும், சித்திரையில் ஆட்டுக்கிடையாகவும் இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து கோடையில் காவிரிப் படுகை நோக்கி மந்தையை ஓட்டிச் செல்லும் கீதாரிகள், அறுவடை முடிந்த வயல்களில் இரவு முழுவதும் ஆடுகளை அடைத்து வைத்து, அவற்றின் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேர்வதற்காக நிலத்துக்காரரிடம் கூலி பெறுகின்றனர். கிடை போடுதல் எனப்படும் இந்த ஏற்பாடு வயலுக்கு உரமும் மந்தைக்கு மேய்ச்சலும் தருகிறது, எவரும் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமின்றியே நெடுங்காலமாக நடந்து வருகிறது, எந்த முழுமைத் திட்டத்திலும் அதற்கு வண்ணம் கிடையாது.

இத்தனைக்கும் நாட்டுப்புற நிலத்தின் பயன்பாட்டை நுணுக்கமாகப் பதிவு செய்யும் ஏடுகள் அரசிடமே உள்ளன. சர்வே எண் வாரியாக நிலத்தின் பரப்பு, வகை, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றைக் கொண்டது 'அ' பதிவேடு. ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய் ஆண்டாகிய பசலிதோறும் எந்தப் புலத்தில் என்ன பயிர் விளைந்தது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வருவது அடங்கல். பட்டா இல்லாத அரசு நிலத்தைக்கூட இவ்வேடுகள் ஒரே குவியலாகப் பார்ப்பதில்லை. மேய்க்கால் புறம்போக்கு, களம், மந்தைவெளி, வண்டிப்பாதை, மயானம், ஓடை, ஏரி, நத்தம், தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று அவை பிரித்துக்கொண்டே போகின்றன. வரி வசூலிப்பதற்காகவே வந்த வெள்ளையர் ஆட்சியின் நிலவரித் திட்டம், வரி தராத நிலத்துக்கும் இவ்வளவு பெயர் சூட்டி வைத்தது வியப்புக்குரியது. வரைவு வரைபடத்தில் ஏரியும் ஆறும் தனி வண்ணம் பெற்றுவிடுகின்றன. களமும் மேய்க்காலும் மந்தைவெளியும் பச்சைக்குள் கரைந்துவிடுகின்றன, ஊரை ஒட்டியிருந்தால் மஞ்சளுக்குள்ளும் கரைகின்றன. ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் ஆணையிட்டது. நீர்நிலைகளும் ஓடைகளும் உள்ளடங்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டப் பகுதிகளில் அரசு நிலத்தை ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023-இல் நிறைவேற்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் எத்திசையில் காற்று வீசுகிறது என்பதைத் தாமே கண்டுகொள்வார்.

ஆட்சேபனை தெரிவிக்க வேண்டியவர் யார் என்பதில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. வரைபடத்தில் தம் நிலம் எந்த வண்ணத்தில் விழுந்திருக்கிறது என்று பார்க்கச் சர்வே எண் தெரிந்திருக்க வேண்டும், சர்வே எண்ணை அறிந்தவர் பெரும்பாலும் பட்டாதாரர். ஆகவே வரும் மனுக்களில் கணிசமானவை தம் புன்செய்யைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றித் தருமாறு கோருவனவாகவே இருப்பதில் வியப்பில்லை. கிடை போடுபவருக்கும், களத்தில் எள் காய வைப்பவருக்கும், மேய்க்காலில் இரண்டு ஆடு வளர்த்துப் பிழைக்கும் கைம்பெண்ணுக்கும் சொல்வதற்கு ஒரு சர்வே எண் இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய கிராம சபை இவர்களும் கை உயர்த்தக்கூடிய ஒரே மன்று. அங்கே கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் சாலையும் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் பேசப்படுகின்றன, நிலத்தின் வருங்காலமோ வேறொரு துறையின் வேறொரு கோப்பில் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைப்பதற்காக அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவு ஏற்படுத்திய மாவட்டத் திட்டக் குழுவைப் பற்றி முன்னரே போதிய அளவு புலம்பியாயிற்று.

அறிவிப்பை இங்கே மடித்து வைத்துவிட்டுக் கில்பர்ட் ஸ்லேட்டரை எடுக்க வேண்டியிருக்கிறது. அப்பெயரைக் கண்டதும் நெடுநாள் வாசகர்கள் பெருமூச்சு விடுவதற்கு முழு உரிமை உண்டு. திராவிடக் கூறுகள் இந்தியப் பண்பாட்டில் பெறும் இடம் பற்றி 1924-இல் வெளிவந்த நூலுக்காகவே தமிழ்நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915-இன் இறுதியில் வந்து சேர்வதற்கு முன், ஆங்கிலேய உழவர்களையும் பொது வயல்களின் அடைப்பையும் பற்றி 1907-இல் ஒரு நூல் எழுதியிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அடைப்பு என்பது, வேலியின்றிக் கீற்றுக் கீற்றாகப் பலர் உழுது வந்த வயல்களையும், ஊரார் ஆடுமாடு மேய்த்து விறகு பொறுக்கிய பொது நிலத்தையும், நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அளந்து, தனித்தனி உடைமையாகப் பிரித்து, வேலியிடுவது. 1604 முதல் 1914 வரை இத்தகைய சட்டங்கள் 5,200-க்கு மேல் இயற்றப்பட்டு, ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் அவற்றுக்குள் வந்தது.

அச்சட்டங்களிலும் பொதுமக்கள் கருத்துக்கு இடமிருந்தது. ஊர் நிலத்தை அடைக்கக் கோரும் மனு வரப்போகிறது என்ற அறிவிப்பை, ஆகஸ்டு அல்லது செப்டம்பர் மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வூர்த் தேவாலயக் கதவில் ஒட்ட வேண்டும் என்று 1774-இல் நாடாளுமன்றக் கீழவை நிலையாணை பிறப்பித்தது. ஊரே ஞாயிறுதோறும் கூடும் கதவு ஆகையால், ஏல விளம்பரத்துக்குப் பக்கத்தில் அச்சிடுவதைவிட அது மேலான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இசைவைக் கணக்கிட்ட முறையில்தான் சூழ்ச்சி இருந்தது: தலைகளை எண்ணாமல், நிலத்தின் மதிப்பை எண்ணினர். மதிப்பில் முக்கால் பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்கு வரையிலான நிலத்துக்கு உரிமையாளர்கள் இசைந்தால் போதும் என்பது நடைமுறையாக இருந்ததால், இரண்டு மூன்று பெருநிலக்காரர்கள் ஒன்று சேர்ந்தாலே பல ஊர்களில் கணக்கு நேராகிவிட்டது. பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்த்துக் குடிசையில் வாழ்ந்தவர், தம் உரிமையைச் சட்டப்படி மெய்ப்பித்தால் சிறு துண்டு நிலம் பெற்றார், மெய்ப்பிக்க இயலாவிட்டால் அதுவுமில்லை. மெய்ப்பித்தவரும் அத்துண்டுக்கு வேலி போடும் செலவைத் தாங்க முடியாமல் விற்றுவிட்டுப் போனது அடிக்கடி நிகழ்ந்தது. கதவில் ஒட்டிய காகிதம் எல்லார் கண்ணிலும் பட்டது, அதற்கு மறுமொழி சொல்லும் தகுதி மட்டும் நிலமுள்ளவரிடம் நின்றுவிட்டது.

இவ்வளவையும் எழுதி முடித்த ஒருவர் சென்னைக்கு வந்து, மாணவர்களின் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குத் தத்தம் ஊருக்குப் போகும்போது நிரப்பி வரச் சொன்னார். நிலம் யார் கையில், கால்நடை எத்தனை, கூலி என்ன, கடன் எவ்வளவு, யார் என்ன தொழில் செய்கிறார் என்று ஊரைக் கேள்வி கேள்வியாகத் துருவும் பட்டியல் அது. விளைவு, 'தென்னிந்தியக் கிராமங்கள் சில' என்ற பொருள்படும் தலைப்பில் 1918-இல் வெளியான தொகுதி. இராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலாபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டின் தூசி, தென் ஆர்க்காட்டின் இருவேல்பட்டு என ஐந்து தமிழ் ஊர்கள் அதில் இடம்பெற்றன. இன்று அவை இருக்கும் மாவட்டங்களின் பெயர்கள் பலவும் மாறிவிட்டன. நூல் முழுவதும் சீராக எழுதப்பட்டதன்று. சில மாணவர்கள் விடாமல் எண்ணியிருக்கின்றனர், சிலர் கேள்விப்பட்டதை எழுதித் தந்திருக்கின்றனர். அந்தச் சீரின்மையே ஒருவகையில் நூலின் நம்பகத்தன்மையாகவும் இருக்கிறது.

நூலைவிட முக்கியமானது அதன் பின்கதை. இருபது ஆண்டுகள் கழித்து பி.ஜே. தாமசும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆய்ந்து 1940-இல் மறு ஆய்வை வெளியிட்டனர். 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார், 1980-களில் எஸ். குகனும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் போயினர், அதன் பின் ஜான் ஹாரிஸும் ஜெயரஞ்சனும் நாகராஜும் இருவேல்பட்டுக்குப் போயினர். ஒரு காலத்தில் ஊரின் நிலத்தில் பெரும்பகுதியைத் தன் பிடியில் வைத்திருந்த பெரிய வீட்டின் கை தளர்ந்த வரலாற்றையும், உழைப்பாளிகளின் பிழைப்பு வயலை விட்டு வெளியே நகர்ந்ததையும் இருவேல்பட்டைப் பற்றிய இவ்வறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்தால் காணலாம். நில வகைகளின் பட்டியல் மட்டும் இருந்திருந்தால் இவற்றுள் ஒன்றும் தெரிந்திராது, ஏனெனில் நன்செய் நன்செய்யாகவே நின்றது, அதில் நின்றவர்களே மாறினர்.

கங்கைகொண்டான் இன்னும் வேடிக்கையானது. சிற்றாற்றங்கரையில் இருந்த, 1916 வாக்கில் ஒரு மாணவர் எண்ணி எழுதிய அவ்வூர்ப் பகுதியில், பின்னர் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அங்கே அமைந்த குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணி நீரைத் தருவதை எதிர்த்து மக்கள் 2005-இல் போராடினர், வழக்கு 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய்த் தள்ளுபடியானது. இதற்கிடையே 2013-இல் அதே ஊரின் காப்புக்காட்டில் 288.40 ஹெக்டேர் புள்ளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தொழிற்சாலையும் மானும் அருகருகே வாழட்டும் என்று எவரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவு செய்ததாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு துறையும் தன் கோப்பில் தன் முடிவை எடுத்தது, எல்லா முடிவுகளும் ஓரூரில் வந்து இறங்கின. அவை அனைத்தும் சேர்ந்து அவ்வூரை என்ன செய்தன என்பதை ஓரளவேனும் தொடர்ந்து சொல்லக்கூடிய ஏடு, திரும்பத் திரும்பப் போன ஆய்வாளர்களிடம் இருக்கிறது.

திட்டமிடும் துறைகளுக்கு இப்பழக்கம் இல்லை. சட்டத்தில் திட்டத்தை மாற்றியமைக்க வழி இருப்பது உண்மை. நடைமுறைக்குச் சென்னையே சான்று. 1976-இல் ஏற்கப்பட்ட முதல் முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 1991, இரண்டாம் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2008-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னையைச் சுற்றியிருந்த ஊராட்சிகளின் வயல்களும் ஏரிக்கரைகளும் யாருடைய திட்டப்படி மனைகளாயின என்பதை, அப்பக்கம் வீடு வாங்கியவர்கள் ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் கண்டு வருகின்றனர். தலைநகரத்துக்கே இதுதான் கதி என்றால், ஒரு பேரூராட்சியின் வரைபடம் இருபதாம் ஆண்டில் எந்த அலமாரியில் இருக்கும் என்று கேட்பது வீண்.

ஸ்லேட்டர் 1907 நூலில் விரிவாகப் பேசும் ஊர்களுள் ஒன்று நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன். அடைப்பு அலைக்குத் தப்பி, திறந்த வயல் முறையை இன்றளவும் வைத்திருக்கும் அவ்வூரில், மண்டபத்தில் வரைபடம் தொங்குவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் கார்த்திகை வாக்கில், உழவர்களிலிருந்தே தேர்ந்த நடுவர் குழு குளிர்கால விதைப்பு முடிந்த வயலைக் கால்நடையாகச் சுற்றி வந்து, யார் பொதுப் புல்வரம்பை உழுது தம் கீற்றோடு சேர்த்துக்கொண்டார் என்று பார்த்து எல்லைமுளைகளை அடிக்கிறது. அடுத்த வாரம் கூடும் ஊர் மன்றம் தவறியவர்களுக்கு அபராதம் விதிக்கிறது. அபராதம் சொற்பத் தொகைதான். ஆயினும் எவர் ஏர் எவ்வளவு தூரம் வரம்பு மீறியது என்ற செய்தி அதற்குள் ஊர் முழுவதும் பரவியிருக்கும், மறு ஆண்டும் அதே வழியே நடந்து வருவார்கள் என்பது மீறியவருக்கும் தெரியும்.